கொழுந்து சிவக்கும் நேரம்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதை இடுக்கி மாவட்டத்தில் தொடங்கித் தேனி மாவட்டத்தில் போய் முடிகிறது. அங்கே, ஏழாயிரம் அடிக்கு மேலே, பழைய முறையில் தேயிலை தயாரிக்கும் பேக்டரி ஒன்று இருக்கிறது. பறித்த கொழுந்தை ஒரு ராத்திரி காற்றில் வாடவிட்டு, ரோலரில் போட்டு உருட்டி நசுக்கி, சாறு கசிந்த இலையைப் பரப்பிவிடுவார்கள். அதன்பிறகு யாரும் அதில் எதையும் சேர்ப்பதில்லை, சூடாக்குவதும் இல்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் பச்சை இலை தானாகவே செம்பு நிறத்துக்கு வந்துவிடும். பச்சை வாடை போய், பழத்தின் வாசம் எழும். எந்த நிமிடத்தில் அள்ளி டிரையரில் போடுவது என்பது டீ மேக்கரின் முடிவு. முந்தினால் டீ பச்சையாகத் துவர்க்கும். பிந்தினால் நிறம் மங்கி, ருசி சப்பென்று ஆகிவிடும்.

மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு, பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதி, தமிழ்நாட்டுப் பக்கம் வால்பாறை என்று இந்த மலைகளில் தேயிலை உள்ள இடமெல்லாம் நடக்கும் வேலை இது. பேக்டரியில் ஃபெர்மென்டிங் என்பார்கள். பெயர் அப்படி இருந்தாலும் நுண்ணுயிர்களுக்கு இதில் வேலை இல்லை. இலையில் இருக்கும் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, காற்றில் உள்ள ஆக்ஸிஜனிடம் போய்ச் சேர்கின்றன, அவ்வளவுதான். டீ மேக்கர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கணிப்பது அந்தக் கைமாற்றத்தின் வேகத்தை.

கொழுந்தின் உலர் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கேட்டசின் என்ற வகைச் சேர்மங்கள். எலக்ட்ரானைக் கொடுக்கச் சம்மதமுள்ளவை. வாங்குவதில் ஆக்ஸிஜனுக்கு இருக்கும் பசி ஊரறிந்தது. கொடுத்து வாங்கினால் இரு தரப்பின் மொத்த ஆற்றலும் குறையும். இயற்கை விரும்பும் திசை அதுவே. அப்படியிருந்தும் செடியில் நிற்கும் இலை வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கிறது. ஆக்ஸிஜன் கிடைக்கவில்லை என்று சொல்ல வழியில்லை. பகல் முழுவதும் ஆக்ஸிஜனைத் தயாரித்து வெளியே விடுவதே அந்த இலைதான்.

அதே இலைக்குள் இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் உண்டு. வெயில் பட்டதும் பச்சையத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் பக்கத்து மூலக்கூறுக்குத் தாவுகிறது. ஒரு நொடியை லட்சம் கோடி கூறுகளாகப் பிரித்தால், அதில் சில கூறுகளுக்குள் அந்தத் தாவல் முடிந்துவிடும். ஒரே இலை, ஒரே வகை எலக்ட்ரான். ஒன்று கண்ணிமைப்பதற்கு எவ்வளவோ முன்பே போய்விடுகிறது, இன்னொன்று வாரக்கணக்கில் அசையாமல் இருக்கிறது. எது இந்த வேகத்தைத் தீர்மானிக்கிறது?

உடனே தோன்றும் பதில், இறக்கம். கொடுப்பவரிடமிருந்து வாங்குபவரிடம் போகும்போது எவ்வளவு ஆற்றல் இறங்குகிறதோ அவ்வளவு வேகம். இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது என்பதற்குச் சாட்சி வெற்றிலைப் பெட்டியிலேயே கிடைக்கும். கொட்டைப்பாக்கிலும் கேட்டசினும் அதன் உறவுச் சேர்மங்களும் நிறைய. பாக்கை மட்டும் மென்றால் வாய் அப்படிச் சிவப்பதில்லை. சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை அந்தச் சேர்மங்களிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொள்கிறது. அப்படிப் பிடுங்கப்பட்ட மூலக்கூறு எதிர்மின்னூட்டத்தோடு நிற்பதால், எலக்ட்ரானைக் கைவிடுவது அதற்குச் சுலபமாகிறது. இறக்கம் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. அமிலம் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்யும். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சமையலறைகளில் வாழைப்பூவை ஆய்ந்து மோர்த் தண்ணீரில் போட்டு வைக்கிறார்களே, அது இதற்காகத்தான். பூ கறுப்பதும் கொழுந்து சிவப்பதும் ஒரே வேதிவினையின் இரு முகங்கள். மோரின் புளிப்பு அதைத் தாமதப்படுத்துகிறது. அந்த வினையை நடத்தும் நொதியையும் அது கட்டிப்போடுகிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்; நொதியின் கதை பின்னால் வருகிறது.

ஆனால் இறக்கம் மட்டுமே காரணம் என்று வைத்துக்கொண்டால் ஓரிடத்தில் முட்டிக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கதிரியக்க ஐசோடோப்புகள் ஆய்வகங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும், வேதியியலாளர்கள் ஒரு விசித்திரமான சோதனையில் இறங்கினார்கள். தண்ணீரில் இரண்டு வகை இரும்பு அயனிகள். ஒன்று இரண்டு எலக்ட்ரான்களை இழந்தது, மற்றது மூன்றை இழந்தது. முதலாவது தன்னிடமிருந்து ஒன்றை இரண்டாவதற்குக் கொடுத்தால் இடங்கள் மாறும், வேறொன்றும் மாறாது. எந்தப் பிணைப்பும் உடைவதில்லை, புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை. இறக்கம் சுத்தமாகப் பூஜ்யம். ஒரு வகைக்குக் கதிரியக்க முத்திரை குத்தி வைத்தால்தான் கைமாற்றம் நடந்ததா என்றே கண்டுபிடிக்க முடியும். இவ்வளவு எளிய வினை எல்லா உலோகங்களிலும் ஒரே வேகத்தில்தானே நடக்க வேண்டும்? நடக்கவில்லை. சில உலோகங்களில் நொடிக்குள் முடிந்தது, சிலவற்றில் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் எலக்ட்ரான் எல்லாவற்றிலும் ஒன்றேதான்.

இந்தக் குழப்பத்துக்கு வில்லர்ட் லிபி 1952-ல் ஒரு துப்புக் கொடுத்தார். கார்பன்-14 முறையில் காலம் கணிக்கும் வழியைக் கண்டுபிடித்த அதே லிபி. எலக்ட்ரான் மிக இலேசானது. ஆக்ஸிஜன் அணுவின் கரு அதைவிட ஏறத்தாழ 29,000 மடங்கு கனம். எலக்ட்ரான் தாவும் கணத்தில் கனத்த கருக்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். பழைய மின்னூட்டத்துக்குப் பொருத்தமாகச் சூழ்ந்திருந்த தண்ணீர் மூலக்கூறுகள், தாவல் முடிந்த மறுகணம் புதிய மின்னூட்டத்துக்குப் பொருந்தாத கோலத்தில் நிற்க நேரும். அந்தப் பொருந்தாமையே தடை என்றார் லிபி.

1955-ல், நியூயார்க்கின் புரூக்ளின் பாலிடெக்னிக்கில் இருந்த ரூடால்ஃப் மார்கஸ் என்ற முப்பத்திரண்டு வயதுக்காரர் இந்தக் கட்டுரையைப் படித்தார். மாண்ட்ரியலில் பிறந்து, மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்தவர். லிபியின் யோசனை அவருக்குப் பிடித்தது, ஆனால் ஒரு கணக்கு உதைத்தது. தாவல் முடிந்த மறுகணம் பொருந்தாத கோலம் என்றால், ஆற்றல் கூடிய கோலம் என்று அர்த்தம். அந்தக் கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வந்தது? ஒளியை விழுங்கினால் சரி. இருட்டுக் குடுவையில் அதைக் கொடுப்பார் யாரும் இல்லை. மார்கஸ் வரிசையைத் திருப்பிப் போட்டார். தாவிவிட்டுச் சூழல் சரிசெய்துகொள்வதில்லை. சூழல் முதலில் தற்செயலாகக் கலைந்து, எலக்ட்ரான் இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் மொத்த ஆற்றல் ஒன்றே என்ற நிலைக்கு வர வேண்டும். அந்தக் கணத்தில் மட்டும்தான் தாவ முடியும்.

தேக்கடி ஏரியில் இரண்டு மூங்கில் தெப்பங்கள் அருகருகே மிதக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, விளிம்புவரை நிரம்பிய ஒரு தம்ளரைத் துளியும் சிந்தாமல் நகர்த்த வேண்டும். தூக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது. அலையில் இரண்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டின் தளமும் ஒரே மட்டத்துக்கு வரும் நொடிக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. தம்ளரை நகர்த்த ஆகும் நேரம் ஒன்றுமே இல்லை. நேரமெல்லாம் காத்திருப்பில் போகிறது. மூலக்கூறு உலகில் அந்த அலையின் பெயர் வெப்பம்.

1956-ல் வெளியான மார்கஸின் கோட்பாட்டுக்கு உயிர்நாடி ஒரே ஓர் அளவுதான்: சூழலை ஒரு கோலத்திலிருந்து மற்றக் கோலத்துக்கு முழுவதும் மாற்றியமைக்க ஆகும் ஆற்றல். மறுசீரமைப்பு ஆற்றல் என்று தமிழில் எழுதுகிறார்கள். இறக்கம் பூஜ்யமாக இருக்கும்போது, தாண்ட வேண்டிய தடை இதில் நான்கில் ஒரு பங்கு. இதை எண்ணில் போட்டுப் பார்த்தால்தான் அதன் கூர்மை தெரியும். அறை வெப்பத்தில் ஒரு மூலக்கூறின் கையில் இருக்கும் சில்லறை சுமார் 0.025 எலக்ட்ரான் வோல்ட். மறுசீரமைப்பு ஆற்றல் 1 எலக்ட்ரான் வோல்ட் என்றால் தடை 0.25, சில்லறையைப் போலப் பத்து மடங்கு. ஏறக்குறைய இருபதாயிரம் முயற்சிகளில் ஒன்று தேறும். மறுசீரமைப்பு ஆற்றலை 2 ஆக்கிவிட்டால் தடை இருபது மடங்கு. இப்போது ஐம்பது கோடி முயற்சிகளில் ஒன்றுதான் தேறும். அளவு இரட்டித்தது, வேகமோ இருபதாயிரத்தில் ஒன்றாக விழுந்துவிட்டது.

உலோகங்களின் புதிரும் இதோடு அவிழ்ந்தது. கோபால்ட்டைச் சுற்றி ஆறு அமோனியா மூலக்கூறுகள் நிற்கும் அயனியில், ஓர் எலக்ட்ரான் கூடினால் ஒவ்வொரு அமோனியாவும் ஏறத்தாழ 0.2 ஆங்ஸ்ட்ராம் பின்வாங்க வேண்டும். ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. அதே அமோனியா சூழ்ந்த ருத்தீனியத்தில் நகர வேண்டிய தூரம் வெறும் 0.04 ஆங்ஸ்ட்ராம். கோடியில் ஒரு பங்கிலும் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைந்த வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ருத்தீனியத்தின் கைமாற்றம் கோபால்ட்டைவிடக் கோடிக்கணக்கான மடங்கு வேகம். கோபால்ட்டின் எலக்ட்ரான்கள் தம் சுழற்சி அமைப்பையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பதால் அங்கே கொஞ்சம் கூடுதல் தொல்லை உண்டு. என்றாலும் பெரும்பழி அந்த நகர்வின் மேல்தான்.

மார்கஸின் சமன்பாட்டிலிருந்து இன்னொரு முடிவும் விழுந்தது. முதலில் கேட்டவர்கள் யாரும் எளிதில் நம்பவில்லை. இறக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் கூடும், சரி. இறக்கம் மறுசீரமைப்பு ஆற்றலுக்குச் சமமாகும் இடத்தில் தடை முழுக்கக் கரைந்து, வேகம் உச்சத்தைத் தொடும். அதற்கு மேலும் இறக்கத்தைக் கூட்டினால் வேகம் குறையத் தொடங்கும் என்றது கணக்கு. செங்குத்தாக இறங்கும் பாதையில் நடை தளரும் என்று சொன்னால் யார் ஒப்புவார்கள்? எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. ஒரு கோட்பாட்டின் நேர்மை, அது சொல்லத் தயங்கியிருக்கக்கூடிய விஷயத்தைச் சொல்லும்போதுதான் தெரிகிறது.

கால் நூற்றாண்டுக் காலம் இதற்கு உறுதியான சாட்சி கிடைக்கவில்லை. ஜெர்மனியில் ரேமும் வெல்லரும் 1970-ல் வரிசையாகப் பல மூலக்கூறு ஜோடிகளை எடுத்துச் சோதித்தார்கள். இறக்கம் கூடக் கூட வேகம் ஏறியது. ஓர் உயரத்தில் சமதளமாகி அங்கேயே நின்றது, கீழே இறங்கவில்லை. கரைசலில் கொடுப்பவரும் வாங்குபவரும் முதலில் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தேடலின் நேரமே அளவீட்டை விழுங்கிவிட்டது என்பது ஒரு விளக்கம். தீர்வு 1984-ல் வந்தது. ஆர்கான் ஆய்வகத்தின் ஜான் மில்லரும், சிகாகோ பல்கலைக்கழகத்தின் கெர்ஹார்ட் க்ளாஸும், லிடியா கால்கட்டெராவும் சேர்ந்து இருவரையும் ஒரே மூலக்கூறில் கட்டிப்போட்டார்கள். நடுவில் விறைப்பான ஸ்டீராய்டு தண்டு. ஒரு முனையில் கொடுப்பவர், மறுமுனையில் வாங்குபவர். தேட வேண்டிய அவசியமே இல்லாமல் செய்து, வாங்குபவரை மட்டும் மாற்றி மாற்றி அளந்தார்கள். வேகம் ஏறியது, உச்சம் தொட்டது, பிறகு இறங்கியது. 1992-ல் மார்கஸுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 2023-ல் நூறு வயதைத் தொட்டார் மனிதர்.

இப்போது திரும்ப இலைக்கு வரலாம். பச்சையத்தை விட்டுத் தாவிய எலக்ட்ரான் உடனே வீடு திரும்பிவிட்டால், பிடித்த சூரிய ஒளி வெறும் வெப்பமாக வீணாகிப் போகும். முன்னே போவது சிறிய இறக்கம், வீடு திரும்புவது பெரிய இறக்கம். சாதாரணக் கணக்கில் வீடு திரும்புதலே ஜெயிக்க வேண்டும். ஜெயிப்பதில்லை. முன்னோக்கிய தாவலின் இறக்கம் மறுசீரமைப்பு ஆற்றலுக்கு ஒத்துப்போகிறது, எனவே மின்னல் வேகம். திரும்பும் வழியின் இறக்கமோ அளவுக்கு மீறியது, எனவே அது மந்தம். ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்களில் இதை நன்றாக அளந்திருக்கிறார்கள்: முதல் தாவலுக்கு மூன்று பிக்கோ நொடி, அதாவது நொடியில் லட்சம் கோடியில் மூன்று கூறு. அடுத்ததற்கு இருநூறு பிக்கோ நொடி. அங்கே போய்ச் சேர்ந்த எலக்ட்ரான் மனம் மாறித் திரும்ப வேண்டுமானால் நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். போன வேகத்துக்கும் திரும்பும் வேகத்துக்கும் உள்ள இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான் தாவர உலகமே நிற்கிறது. மார்கஸ் சொன்ன தலைகீழ் இறக்கத்துக்கு இதில் ஒரு பங்கு. இன்னொரு பங்கு தூரத்துக்கு.

தூரத்தின் விதி எளிது, ஆனால் ஈவிரக்கம் இல்லாதது. ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான் குதித்துப் போவதில்லை. நடுவில் இருக்கும் ஆற்றல் மேட்டை ஊடுருவிக் கசிகிறது. குவாண்டம் இயற்பியலின் அந்தக் கசிவு, தூரம் கூடக் கூட மடமடவென்று குறையும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மோஸரும் டட்டனும் 1992-ல் பல புரதங்களின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இடைவெளி 1.7 ஆங்ஸ்ட்ராம் கூடும்போதெல்லாம் வேகம் பத்தில் ஒன்றாகக் குறைவது தெரிந்தது. உயிர்ச் செல்களில் எலக்ட்ரான் கைமாறும் சங்கிலிகளை அளந்தால், அடுத்தடுத்த கண்ணிகளுக்கு நடுவே 14 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் இடைவெளி இருப்பதில்லை. அதைத் தாண்டினால் உயிர் வாழ்வதற்குத் தேவையான வேகம் கிடைக்காது.

வெப்பமும் வேகத்தைத் தீர்மானிப்பதில் பங்குகொள்கிறது. ஆனால் எப்போதும் அல்ல. 1966-ல் டான் டிவால்ட்டும் பிரிட்டன் சான்ஸும் ஓர் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவைக் குளிரூட்டிக்கொண்டே போய், அதன் எலக்ட்ரான் ஓட்டத்தை அளந்தார்கள். அறை வெப்பத்தில் மைக்ரோ நொடிகளில் நடந்தது, குளிரக் குளிர ஆயிரம் மடங்கு மந்தமாகி மில்லி நொடிகளுக்கு வந்தது. மைனஸ் 170 டிகிரி செல்சியஸை ஒட்டி அந்தச் சரிவு நின்றுபோனது. அதற்குக் கீழே எவ்வளவு குளிர்வித்தாலும் வேகம் மாறவில்லை. அலை ஓய்ந்த பிறகும் கைமாற்றம் நடந்துகொண்டிருந்தது. எலக்ட்ரான் மட்டுமல்ல, சூழ்ந்த கருக்களும் குவாண்டம் முறையில் கசியக்கூடியவை என்பதற்கு இது வலுவான தடயம்.

தேயிலைக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை. இருபத்தைந்து டிகிரியை ஒட்டிய வெப்பமே நசுங்கிய இலைக்கு உகந்தது. முப்பதைத் தாண்டினால் சரக்கு கெடும். மலை உச்சிப் பேக்டரிகளில் குளிர்ந்த காற்று இயற்கையாகவே கிடைக்கிறது, வினை நிதானமாக நடக்கிறது. நிதானம் ஏன் நல்லது? எலக்ட்ரானை இழந்த கேட்டசின்கள் ஜோடி சேர்ந்து முதலில் தியாஃப்ளேவின் ஆகின்றன. டீக்குப் பொன்னிறப் பளபளப்பும் சுறுசுறுப்பான துவர்ப்பும் தருவது இது. அது தொடர்ந்து வினைபுரிந்து, பெரிய தியாருபிஜின்களாகத் திரள்கிறது. அடர்ந்த செந்நிறம் அவற்றின் கொடை. இந்தப் பெயர்களைக் கொடுத்த ராபர்ட்ஸ் அஸ்ஸாமின் டோக்லாய் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். தியாஃப்ளேவின் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும் அந்த வளைவின் முனையைத்தான் டீ மேக்கர் மூக்காலும் கண்ணாலும் பிடிக்கிறார். வெப்பம் ஏறினால் அந்த முனை சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும்.

இனி, பாக்கி வைத்த கேள்வி. நசுக்காத இலை ஏன் சிவப்பதில்லை? ஆக்ஸிஜனிடம் ஒரு விநோதக் குணம் உண்டு. நான்கு எலக்ட்ரான்களை மொத்தமாக வாங்கித் தண்ணீராக மாறுவதில் அதற்குப் பெரிய லாபம். நடுநிலைக் கரைசலில் அந்தப் பசியின் அளவு +0.82 வோல்ட். ஆனால் முதல் எலக்ட்ரானைத் தனியாக வாங்குவது அதற்கு ஏற்றம். அந்த அளவு -0.33 வோல்ட். ஒட்டுமொத்தப் பாதை பள்ளம், முதல் அடி மேடு. இரண்டிரண்டாக வாங்கித் தப்பிக்கலாம் என்றாலும், ஆக்ஸிஜனில் ஜோடி சேராத இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே திசைச் சுழற்சியோடு நிற்பதால், சாதாரண மூலக்கூறு ஒன்று கொண்டுவரும் ஜோடியை அப்படியே ஏற்க முடியாது. இந்தப் பூட்டு மட்டும் இல்லையென்றால் காடு, வீடு, நாம் எல்லாரும் எரிந்து போயிருப்போம்.

பூட்டுக்குச் சாவி பாலிபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி. அதன் நடுவில் இரண்டு தாமிர அணுக்கள் பக்கத்தில் பக்கத்தில், ஒவ்வொன்றையும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் மூன்று பிடித்திருக்கின்றன. கேட்டசினிடமிருந்து ஆளுக்கு ஓர் எலக்ட்ரானை வாங்கி வைத்துக்கொண்டு இவை காத்திருக்கும். ஆக்ஸிஜன் வந்து இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்ததும், இரு தாமிரமும் ஒரே சமயத்தில் கொடுத்துவிடும். மேடான முதல் அடியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டிய கட்டாயம் அங்கே தீர்ந்துவிடுகிறது. அடுத்து இன்னொரு கேட்டசின் வர, ஆக்ஸிஜன் தண்ணீராகிறது. முழு இலையில் நொதி பசுங்கணிகத்தில் இருக்கிறது, கேட்டசினோ செல்லின் நடுவே உள்ள நீர்ப்பையில் அடைபட்டிருக்கிறது. நடுவில் மெல்லிய சவ்வுகள்தான், ஆனால் எலக்ட்ரானின் அளவுகோலில் அது வேறு கண்டம். ரோலர் செய்வது அந்தச் சவ்வுகளைக் கிழிப்பது. 2019 ஜனவரியில் மூணாறில் உறைபனி கொட்டியபோது தேயிலை கருகியதற்கும் இதில் பங்கு உண்டு: செல்லுக்குள் உறைந்த பனி சவ்வைக் கிழித்தது, வெயில் ஏறியதும் இலை பழுப்பானது.

கிழிப்பதை எவ்வளவு முழுமையாகச் செய்கிறோமோ அவ்வளவு நேரம் மிச்சம். அஸ்ஸாமில் ஆம்கூரி தோட்டத்தில் வில்லியம் மெக்கர்ச்சர் 1930-ல் உருவாக்கிய சிடிசி எந்திரத்தின் பற்கள் கொண்ட உருளைகள், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகின்றன. ரோலரில் உருண்ட இலைக்கு இரண்டு மூன்று மணி நேரம் என்றால், சிடிசி இலைக்கு ஒரு மணி நேரம் ஏறத்தாழப் போதும். ரேமும் வெல்லரும் மாட்டிக்கொண்ட அதே சங்கதிதான்: பேக்டரித் தளத்தில் வேகத்தை நிர்ணயிப்பது தாவலைவிட, ஒருவரையொருவர் கண்டுபிடிப்பதும் ஆக்ஸிஜன் உள்ளே ஊறிப் போவதுமே. கடைசியில் டிரையரின் சூடான காற்று நொதியைக் குலைத்து, ஈரத்தை மூன்று சதவீதத்தை ஒட்டி இறக்கிவிடும். தண்ணீர் இல்லாத இடத்தில் யாரும் நகர முடியாது. பாக்கெட்டில் மாதக்கணக்கில் டீத்தூள் கெடாமல் இருக்கிறது.

பசுங்கணிகத்தில் தாமிரம் தாங்கிய இன்னொரு புரதமும் உண்டு, பெயர் பிளாஸ்டோசயனின். ஒளிச்சேர்க்கைச் சங்கிலியில் எலக்ட்ரானைச் சுமந்து கொடுப்பது அதன் பணி. எலக்ட்ரான் கூடிய தாமிரத்துக்குப் பொதுவாக நான்முகிக் கோலம் பிடிக்கும், குறைந்த தாமிரத்துக்குத் தட்டையான சதுரம் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் கோலம் மாற்றிக்கொண்டிருந்தால் மறுசீரமைப்பு ஆற்றல் எக்கச்சக்கமாகும். பிளாஸ்டோசயனின் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கோலத்தில் தாமிரத்தை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. சிட்னியில் ஹான்ஸ் ஃப்ரீமன் குழு 1978-ல் பாப்லர் மரத்துப் பிளாஸ்டோசயனினின் வடிவத்தை வெளியிட்டது. பின்னால் தாமிரத்தையே உருவி எடுத்துவிட்டுப் பார்த்தபோதும், அது இருந்த குழி கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. தாமிரம் புரதத்தை வளைக்கவில்லை, புரதம்தான் தாமிரத்தை வளைத்திருக்கிறது. இதனால் அடுத்த கண்ணிக்கு எலக்ட்ரானை மைக்ரோ நொடிகளில் கொடுத்துவிட முடிகிறது.

பெரும்பாலான செடிகளில் பாலிபீனால் ஆக்ஸிடேஸும் பிளாஸ்டோசயனினும் பசுங்கணிகத்தின் ஒரே உள்ளறையில்தான் இருக்கின்றன. ஒரு தாமிரத்துக்கு இரவு வந்தால்தான் ஓய்வு. மற்றதற்குச் செல் உடைந்தால்தான் வேலை. அது அங்கே எதற்காக இருக்கிறது என்பது தாவர அறிஞர்களுக்குள் இன்னும் தீராத வாதம். பூச்சிகளுக்கு எதிரான காவல் என்பது ஒரு கட்சி. புழு இலையைக் கடிக்கும்போது சவ்வு கிழிகிறது, கேட்டசின் போன்றவை எலக்ட்ரான்களை இழந்து குயினோன் என்ற சேர்மங்களாகி இலைப் புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன, புழுவுக்குச் செரிமானம் கெடுகிறது. தக்காளிச் செடியில் இந்த நொதியைக் கூட்டியபோது சில புழுக்கள் மெலிந்ததையும் பார்த்திருக்கிறார்கள். எதிர்க்கட்சிக்கும் பலமான சாட்சி இருக்கிறது: ஆய்வகங்களின் செல்லச் செடியான அராபிடாப்சிஸில் இந்த நொதிக்கான மரபணுவே கிடையாது. அதற்குப் புழு பயமும் குறைவில்லை, அது அழிந்தும் போகவில்லை. முதல் கட்சி சொல்வது சரியென்றால், மூணாறின் சிடிசி உருளைகள் இரவும் பகலும் தேயிலைச் செடியை ஏமாற்றிக்கொண்டிருக்கின்றன: பிரம்மாண்டமான ஒரு புழு கடிக்கிறது என்று நினைத்து அது காட்டும் எதிர்ப்பைத்தான் நாம் பால் ஊற்றிக் குடிக்கிறோம்.